பதின்மூன்று நாள் பிந்திய நோன்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கிழக்கு மூலையில் புனித நிக்கோலாவின் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கின்மேல் சத்தியம். இந்த வசந்தத்தில் வலையில் விழுந்த முதல் கெண்டைமேல் சத்தியம். அதுவும் போதாது என்பவருக்குத் தாடிமேல் சத்தியம். லிப்போவன் ஒருவன் தாடியைத் தொட்டுச் சொன்னபிறகு மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை. தாடியை மழிக்கச் சொன்ன ருஷ்ய ஜாரின் நாட்டை விட்டே ஓடிவந்து, ருமேனியாவில் டான்யூப் கடலில் கலக்கிற இந்த நாணல் சேற்றில் வீடு கட்டிக்கொண்டவர்கள் நம் ஆட்கள்.

அனீஸ்யா பருமனாக இருந்த காலத்தில் தன் புருஷன் லாரியோனின் படகில் பின்பக்கம்தான் உட்காருவாள். அவள் உட்கார்ந்ததும் முன்பக்கம் தண்ணீரை விட்டு எழும். எழுந்த முனையில் ஒரு கூழைக்கடா வந்து உட்கார்ந்துகொள்ளும். லாரியோன் துடுப்பை ஓங்கி இரண்டு நாள் விரட்டிப் பார்த்தான். பிறகு, பாரம் சரியாகிப் படகு நேராகப் போவதைக் கவனித்து அதை அப்படியே விட்டுவிட்டான். மூன்று கோடை அந்தப் பறவை புருஷன் பெண்சாதியோடு மீன் கொட்டகை வரை போய், கூலியாக இரண்டு சின்ன மீனை வாங்கிக்கொண்டு திரும்பியது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அவள் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கியதையும், படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று லாரியோன் பக்கத்தில் விழித்திருந்ததையும் யாரும் பார்க்கவில்லை. மீன் வயிற்றைக் கீறுகிறவளுக்குக் கையில் வெட்டு விழாமல் இருக்காது. உப்புத் தண்ணீரில் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறுகிற வெட்டு அவளுக்குச் சர்க்கரையால் மாதக்கணக்கில் வாய் திறந்து கிடக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளையில்லை. முப்பத்து நான்கு வயதில், இப்படியே போனால் நாற்பதைப் பார்க்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னபிறகுதான் தலைநகருக்குப் போய் வயிற்றைக் கொடுத்தாள்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதை நம் ஊரில் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரைப்பையை முட்டையளவுக்குத் தைத்துவிட்டு, குடலின் முன்பாதியைச் சுற்றிப் போகாமல் நேராக ஒரு குறுக்குக் கால்வாய் வெட்டிவிட்டார்கள். வளைந்து நெளிந்து போகிற ஆற்றில் மீன் தங்கும். நேராக வெட்டிய கால்வாயில் படகு சீக்கிரம் போகும், மீன் தங்காது. அவ்வளவுதான் சங்கதி.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒன்றைச் சொன்னார்.

"பதினெட்டு மாசத்துக்குக் குழந்தை உண்டாகக் கூடாதும்மா. உன் உடம்பே இப்பப் பட்டினி கெடக்கு. அதுக்குள்ள இன்னொரு உசிரு வந்தா ஒண்ண ஒண்ணு திங்கும்."

அனீஸ்யா தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "பன்னெண்டு வருசமா எட்டிப் பாக்காதது, நான் எளைச்சிட்டேன்னு கேள்விப்பட்டு இப்ப ஓடியாருமாக்கும்?"

"ஓடித்தான் வரும். கொழுப்புதான் கதவைப் பூட்டி வச்சிருந்துச்சு. இனிமே பூட்டு இல்ல. மாத்திரைய நம்பாத, உன் வயித்துல அது ஊறாமலே போயிரும். வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்க."

அது ஜனவரி. ஏப்ரலில், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தாலே அதிசயம் என்றிருந்த மாதவிலக்கு வந்தது. மே மாதம் சொன்ன நாளில் வந்தது. ஜூனில் தபால் படகுபோல் மணியடித்து வந்தது. அனீஸ்யா சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஜூலைக்குள் அவள் பாதியாகிவிட்டாள். நம் ஆட்கள் ஞானஸ்நானம் முதல் சாவு வரை இடுப்பில் கட்டுகிற நெய்த கச்சை, முன்பு முடிச்சுக்கு எட்டாமல் அவளைத் திணறடித்தது, இப்போது மூன்று சுற்று வந்தது. காப்பிக் கோப்பைதான் அவளுக்குச் சோற்றுத் தட்டு. கட்டைவிரலளவு மீனை வாயில் போட்டு, மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்திருக்கும்வரை மென்றாள். அவசரப்பட்டு விழுங்கினால் வேலியோரம் ஓட வேண்டும். சீப்பில் முடி கொத்தாக வந்தது. "அழகாயிட்டடி" என்றும் "சீக்குக்காரி மாதிரி இருக்க" என்றும் ஊர்ப் பெண்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு என்று நம் ஊரில் தனியாக ஒன்று இருந்ததில்லை. நாள்காட்டிதான். ஈஸ்டருக்கு முன்னால் பெரிய நோன்பு, கோடையில் அப்போஸ்தலர் நோன்பு, ஆகஸ்டில் மாதா நோன்பு, குளிரில் கிறிஸ்துமஸ் நோன்பு. போதாதற்கு வருஷம் முழுக்கப் புதனும் வெள்ளியும். இந்த நாள்களில் இறைச்சியில்லை, பாலில்லை, முட்டையில்லை, பெண்சாதியில்லை. மிச்சமிருக்கிற நாளில் காற்று தெற்கே திரும்பினால் ஆண்கள் வலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியும் வீட்டுக்கு எட்டுப் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்ட பூகோள வாத்தியாருக்கு ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை.

லாரியோன் ஈஸ்டர் முடிந்ததும் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆறு தூர்வாரும் கப்பலில் வேலைக்குப் போனவன். தடை முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். கப்பல் முழுக்க ருமேனியர்கள். வீட்டில் அனீஸ்யாவும் அவள் மாமியார் உஸ்தீனாவும்தான்.

உஸ்தீனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மீன் கொட்டகையில் அவள் வேகத்துக்குக் கீறுகிறவர்கள் இல்லை. விலாங்கு மீன் தன் வயிறு கிழிந்தது தெரியாமல் பீப்பாய்வரை நீந்திப் போய் உப்பில் விழுந்த பிறகுதான் சாகும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கொட்டகைத் தகரம் சுட்டது. உப்பும் செதிலும் ஈயும். பயணிகள் படகில் வாரா வாரம் வருகிற நர்ஸ் கொர்னேலியா, பையை மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தாள். துல்ச்சா நகரத்துக்காரி. ருமேனியக்காரி. இருபது வருஷமாக இந்த ஊருக்கு ஊசி போடுகிறவள்.

"முடிவு பண்ணிட்டியா அனீஸ்யா?"

"என்னத்த நர்ஸம்மா?"

"போன வாரமும் இதே என்னத்தையைத்தான் கேட்ட. லாரியோன் எப்ப வாரான்?"

"மாதா திருநாளுக்கு. உங்க மாதாவுக்கு, எங்க மாதாவுக்கு இல்ல. ஆகஸ்டு பதினஞ்சு லீவு விடுதாகளாம்."

"அப்ப இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. சொல்லு."

"நீங்க மறுபடி ஒருக்கச் சொல்லுங்க. எங்க அத்தைக்கும் கேக்கட்டும்."

"எனக்கெதுக்கு?" என்றாள் உஸ்தீனா, தலை நிமிராமல். "என் கடைய நான் அடைச்சு முப்பது வருசமாச்சு."

கொர்னேலியா விரலை மடக்கினாள். "மாத்திரை வேண்டாம். நீதான் வாரத்துல ரெண்டு நாள் வாந்தி எடுக்கியே. எடுக்காட்டியும் ஊறாது. அடுத்தது ஆணுறை."

"லாரியோன் கையில குடுத்தா போனை உள்ள போட்டு முடிஞ்சி வச்சிக்கிருவாரு. போன வருசம் நீங்க பெட்டியோட குடுத்தது அம்புட்டும் அதுக்குத்தான் போச்சு. ஊர்ல ஒரு போன்கூட நனையல."

"நெனைச்சேன். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு. ஆனா எலும்பை இளக்கும். ஏற்கெனவே உனக்குச் சுண்ணாம்புச் சத்து சேரமாட்டேங்குது. சில பேருக்கு உடம்பும் மறுபடி ஊதும்."

"அப்ப அந்தப் பறவையத் திரும்பக் கூப்பிடணும்," என்றாள் உஸ்தீனா.

அனீஸ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கையில் கத்தி ஆடியது. "அத்தே, சும்மா இருங்க. வெரல் போயிரும்."

"கைக்குள்ள வைக்கிற குச்சி ஒண்ணு இருக்கு," என்றாள் நர்ஸ். "தீக்குச்சி அளவுதான். மேல்கையில தோலுக்கு அடியில வச்சிருவாக. மூணு வருசத்துக்குக் கவலையில்ல. சொல்லிவிட்டா தலைநகர்லருந்து வரும்."

"வெளிய தெரியுமா?"

"தொட்டுப் பாத்தாத் தெரியும். நீ வேற எலும்புந்தோலுமா இருக்க."

"சனிக்கெழமை வெந்நிக் குளியலுக்கு ஊர்ப் பொம்பளைக அத்தனை பேரும் ஒரே பலகையில உக்காருவோம் நர்ஸம்மா. முதுகு தேய்ச்சு விடுறவ கை தேய்க்காம விடுவாளா? ஞாயித்துக்கெழமை பூசைக்குள்ள சாமியாருக்குத் தெரிஞ்சிரும். நற்கருணை குடுக்க மாட்டாரு."

"அப்ப மிச்சம் ஒண்ணுதான். காப்பர்-டி. உள்ள வச்சிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மொதல்ல ரத்தப்போக்கு கொஞ்சம் கூடும். உனக்கு ரத்தம் கொறைவு, அதனால இரும்புச் சத்து ஏத்திக்கிடணும். என்னக் கேட்டா அதுதான் நல்லது."

கத்தி பலகையில் குத்திட்டு நின்றது. உஸ்தீனா கையை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளாற கம்பி வைக்கிற பேச்ச என் முன்னால பேசாதீக."

"பெரியம்மா, இது அந்தக் கம்பி இல்ல."

"எல்லாக் கம்பியும் அந்தக் கம்பிதான்."

அனீஸ்யாவுக்குக் கதை அரைகுறையாகத் தெரியும். கலைப்பதும் தடுப்பதும் குற்றம் என்று சட்டம் இருந்த காலம். உஸ்தீனாவின் தங்கை பெவ்ரோனியாவுக்கு நான்கு பிள்ளை, ஐந்தாவது உண்டானது.

"பின்னல் ஊசி," என்றாள் உஸ்தீனா. கெண்டையொன்றை எடுத்தாள், கீறாமல் கையில் வைத்திருந்தாள். "யாரு பண்ணினதுன்னு பேரைச் சொல்லு, வைத்தியம் பாக்கோம்னாக. கட்டில் பக்கத்துல ஒரு வக்கீலு, ஒரு போலீசு. வெள்ளைக் கோட்டு டாக்டரு கையக் கட்டிட்டு நிக்கான். அவ சொல்லல. மூணு நாளு சொல்லல. நாலாம் நாளு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு."

"யாரு பண்ணினது அத்தே?"

உஸ்தீனா மருமகளைப் பார்த்தாள். மீனைக் கீறத் தொடங்கினாள். கை எப்போதும்போல வேகமாகத்தான் ஓடியது, ஆனால் பித்தப்பையைக் கிழித்து ஒரு முழுக் கெண்டையைக் கசப்பாக்கிவிட்டாள். ஊர் அறிய அது ஒன்றுதான் அவள் கெடுத்த மீன்.

பீப்பாய் மூடியை அழுத்தி முடித்த பிறகு அனீஸ்யா சொன்னாள். "நர்ஸம்மா, காப்பர்-டியே வச்சிக்கிறேன்."

"நல்லது. அடுத்த வியாழன் என்னோட படகுல வா. துல்ச்சாவுல டாக்டரம்மாகிட்டச் சொல்லி வைக்கேன்."

"அடுத்த வியாழன் எதுக்கு? தக்காளி பழுத்துக் கெடக்கு. செப்டம்பர்ல வாறேன்."

"ஏ புள்ள, பதினஞ்சாந்தேதி ஒன் புருசன் வாரான்னியே!"

"பதினாலாந்தேதி எங்களுக்கு மாதா நோன்பு தொடங்கிருதே! ரெண்டு வாரம். நோன்புல அந்தப் பேச்சுக்கே எடமில்ல. நோன்பு முடியுறப்ப அவருக்கு லீவு முடிஞ்சிரும், கெளம்பிருவாரு. அதுக்கப்பறம் ஆற அமர வந்து வச்சிக்கிறேன்."

"நோன்பை நம்பியா இருக்க?"

"எங்க வீட்டுல நோன்பு முறிஞ்சதா சரித்திரமே இல்ல," என்றாள் உஸ்தீனா. அதில் மட்டும் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி.

கொர்னேலியா பெருமூச்சுவிட்டுப் பையை மூடினாள். நாள்காட்டியையே மதிலாகக் கட்டி உள்ளே குடியிருக்கிறவர்களிடம் ருமேனியக்காரி என்ன வாதாட முடியும்.

மதிலில் ஒரு ஓட்டை இருந்தது. ருமேனியர்களின் திருச்சபை புது நாள்காட்டிக்கு மாறி நூறு வருஷமாகப் போகிறது. நம்முடையது பழையது, பதின்மூன்று நாள் பிந்தியது. அவர்கள் கிறிஸ்துமஸ் பன்றியைத் தின்று ஏப்பம் விடும்போது நாம் முட்டைக்கோஸை மென்றுகொண்டிருப்போம். ஊரைவிட்டு நகராதவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. லாரியோன் நகர்ந்திருந்தான்.

ஆகஸ்டு பதினைந்து, மதியம். கால்வாய்த் தண்ணீர் வற்றிப் பாசி நாற்றம். நாய் படகுக்கு அடியில் கிடந்தது. உஸ்தீனா கோயிலில் தரை கழுவப் போயிருந்தாள். அனீஸ்யா முற்றத்து அடுப்பில் தக்காளி கிண்டிக்கொண்டிருந்தாள். லாரியோன் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். தாடியில் சுட்ட இறைச்சி வாசனை. அவன் அவளைப் பார்த்தான். கிளம்பும்போது விட்டுப்போன பெண்ணும் இல்லை, கல்யாணம் பண்ணிய பெண்ணும் இல்லை. யாரோ ஒருத்தி அவன் பெண்சாதியின் முக்காட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வீடு மாறி வந்துட்டனா?"

"கறி தின்னுருக்க," என்றாள் அனீஸ்யா. "நேத்து நோன்பு தொடங்கியாச்சு. தெரியாதா?"

"நேத்தா? நேத்து முடிஞ்சில்ல போச்சு! கப்பல்ல சமையக்காரன் முழுநோன்பு அனுசரிக்கிறவன். ஒண்ணாந்தேதிலருந்து பதினாலு வரைக்கும் வெறும் பீன்ஸு. பதினாலு நாளும் பீன்ஸு அனீஸ்யா. ராத்திரி ஆறே குமுறுச்சு."

"அது அவுக நோன்பு."

"நான் அந்த நோன்ப முறைப்படி இருந்துட்டேன். பொகையில கூடத் தொடல. ஒரு மனுசன் ஒரே நோன்ப ரெண்டு தடவ இருக்கணும்னு எந்த வேதத்துல எழுதிருக்கு? மாதா ஒரு தடவதான செத்தா!"

"வாயக் கழுவு."

"செத்துட்டாங்கிறேன், ரெண்டு தடவ சாகலங்கிறேன். இதுல என்ன பாவம்?"

அனீஸ்யா சிரித்துவிட்டாள். கரண்டி தக்காளிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது அவன் அவள் கையைப் பிடித்தான். வெட்டுத் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் ஆறியிருந்தன.

அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. கணக்கு அவளுக்குத் தெரியும், டாக்டர் சொன்னதும் தெரியும். ஆனால் பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒருவன் அவளை ஏறிட்டுப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. தொங்குகிற தோலை மறைக்க அவள் கை போனபோது அவன் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டான். இடுப்புக் கச்சையை அவிழ்க்க மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. தக்காளி அடிப்பிடித்துத் தீய்ந்தது.

ஒரு காரியத்தில் பாதிப் பேர் நோன்பு முடித்தவர்கள், பாதிப் பேர் நோன்பில் இருப்பவர்கள் என்றால் பாவம் யார் கணக்கில் ஏறும் என்று நம் சாமியாரிடம் பிற்பாடு பொதுவாகக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மீன் எப்படி விழுகிறது என்று விசாரித்தார்.

செப்டம்பரில் அனீஸ்யா துல்ச்சாவுக்குப் போன படகில் உஸ்தீனாவும் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. மடியில் துணி முடிச்சில் அவித்த சோளக்கதிர்.

டாக்டரம்மா வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். பிறகு வைக்கவில்லை.

"ரத்தம் ஏழுதான் இருக்கு," என்றாள். "சத்து எதுவும் உடம்புல நிக்கல. அறுவை ஆகி எட்டு மாசம்கூட முடியல. புள்ள வளரும், ஆனா உன்ன அரிச்சு வளரும். அதுக்கும் பத்தாது. கொறை மாசத்துல வரலாம், வராமலும் போகலாம். வேண்டாம்னு சொன்னாச் சட்டப்படி பண்ணலாம், இன்னும் நாள் இருக்கு. வேணும்னு சொன்னா நீ நான் சொல்றபடி சாப்பிடணும், வாராவாரம் வந்து ஊசி ஏத்திக்கணும். வெளிய போய் யோசிச்சிட்டு வா."

தாழ்வாரத்தில் மரப் பெஞ்சு. அனீஸ்யா சொன்னாள், உஸ்தீனா கேட்டாள்.

"கதவு தொறந்திருக்கா?" என்றாள் உஸ்தீனா.

"எந்தக் கதவு அத்தே?"

"அந்த ரூமு கதவு."

"தொறந்துதான் இருக்கு."

"வெளக்கு எரியுது. கட்டில்ல வெள்ளை விரிப்பு. போலீசு இல்ல." உஸ்தீனா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம்னா உள்ள போடி. நான் இங்கனயே உக்காந்திருப்பேன். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சாமியாருக்கும் நான் சொல்லிக்கிறேன்."

அனீஸ்யா திரும்பிப் பார்த்தாள். பேரப்பிள்ளை வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியவள் பேசுகிற பேச்சா இது.

"ஒங்களுக்கு வேணாமா?"

"எனக்கு வேணுங்கிறதுக்கு நீ சாகணுமா? நான் ஒருத்திய வழியனுப்பிட்டேன்." உஸ்தீனா தன் கைகளைப் பார்த்தாள். "பேரைச் சொல்லாமலே செத்தா. யாரு பேரைச் சொல்லலன்னு நெனைக்க?"

அனீஸ்யாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கைகளிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. மீன் வயிற்றை நூல் பிடித்தாற்போல் கீறுகிற கைகள். பின்னல் ஊசியைப் பிடித்திருந்தவையும் அவைதான். தங்கை கெஞ்சினாள், அக்காள் மறுக்க முடியாமல் செய்தாள். நாற்பது வருஷமாக உஸ்தீனா யாரிடமும் சொல்லவில்லை.

படகு கிளம்ப மணியடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"வச்சிக்கிறேன் அத்தே," என்றாள் அனீஸ்யா. "பயமாத்தான் இருக்கு. நர்ஸம்மா சொன்ன அன்னைக்கே வந்திருக்கணும். வரல. ஆனா வந்துருச்சு. வந்தத வச்சிக்கிறேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா வேண்டாம்னுதான் தோணுது. அதான் யோசிக்கல."

உஸ்தீனா துணி முடிச்சை அவிழ்த்தாள். சோளக்கதிரிலிருந்து மணிகளை உதிர்த்து ஒவ்வொன்றாக மருமகள் கையில் வைத்தாள். அடுத்த படகு வரும்வரை அனீஸ்யா அவற்றை மென்றாள்.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது. டிசம்பரிலேயே கால்வாய் உறைந்தது. லாரியோன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து, பனிக்கட்டியை வெட்டி வழி செய்து, வாராவாரம் அவளை இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனான். சில வாரம் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. முன்னால் நாணல் சீவலைக் குவித்து அதில் அவளைப் படுக்கவைத்திருப்பான். படகு இப்போது எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆள் ஏறியிருக்கிறதே படகுக்குத் தெரியவில்லை. வயிறு மட்டும் முன்னால் நின்றது, மற்ற எல்லாம் உள்ளே போய்விட்டது. கடைவாய்ப் பல் ஒன்று ரொட்டியோடு வந்துவிட்டது.

"நான் அந்த பீன்ஸ தின்னுருக்கக் கூடாது," என்றான் லாரியோன் ஒருநாள், துடுப்பை நிறுத்திவிட்டு.

"பீன்ஸு என்ன பண்ணும். ஓட்டு."

மார்ச்சில் பெரிய நோன்பு வந்தது. முதல் வாரம் எண்ணெய்கூடச் சேர்க்க மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை உஸ்தீனா கோழிக் கூண்டுக்குப் போனாள். இரண்டு முட்டை எடுத்துவந்தாள். ஜன்னலை மூடவில்லை, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று திறந்தே வைத்துவிட்டு, வாணலியில் வெண்ணெய் போட்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். எழுபது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து நோன்பு நாளில் வந்த முதல் முட்டை வாசனை. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி வேலியருகே நின்றுவிட்டாள்.

"உஸ்தீனா! இன்னைக்கு என்ன நாளு?"

"திங்கக்கெழமை," என்றாள் உஸ்தீனா. "நீ பூசைக்குப் போ. எனக்காகவும் முட்டி போடு, எனக்கு வாணலி கருகிரும்."

அனீஸ்யா கரண்டி நுனியால் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். பாதி நின்றது, பாதி வேலியோரம் போயிற்று. உஸ்தீனா இன்னொரு முட்டையை உடைத்தாள். நோன்பு முழுக்க உடைத்தாள். மேலே புனித நிக்கோலா பார்த்துக்கொண்டேயிருந்தார், ஆட்சேபணை எதுவும் சொன்னதாகத் தகவல் இல்லை.

மார்ச் கடைசியில் பனி உடைந்து ஆறு பொங்கியது. ஏழாம் மாதம் முடிந்த சில நாளில் வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் படகு வெள்ளத்தை எதிர்த்து வந்துகொண்டிருந்தது. வருவதற்குள் கொர்னேலியாவும் உஸ்தீனாவும் அடுப்படியில் பிள்ளையைக் கையில் வாங்கினார்கள். ஆண். நீல நிறம். சத்தமில்லை. உஸ்தீனா தண்ணீர் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். அந்த வாரத்துப் புனிதர் யாரென்று பார்த்து அகாப்பி என்று பெயர் வைத்தாள். லாரியோன் தன் ஆட்டுத்தோல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். பிள்ளை முழுசாக அதற்குள் அடங்கியது. தொப்பியை அடுப்பு மேடையில் வைத்தார்கள்.

அப்புறம்தான் அழுதான் அகாப்பி. அழுத அழுகையில் ஆம்புலன்ஸ் படகுக்காரன் எஞ்சின் கெட்டுவிட்டதென்று நினைத்து நிறுத்திப் பார்த்தான். ஏரியில் ஒதுங்கியிருந்த கூழைக்கடாக்கள் கூட்டமாக எழும்பிக் கடல் பக்கம் போயின. ஈஸ்டருக்குள் தொப்பியை விட்டு வெளியே வந்துவிட்டான், பெந்தெகொஸ்தேவுக்குள் தொட்டிலை உடைத்தான். நாற்பதாம் நாள் தீட்டுக் கழிந்ததும் அனீஸ்யா துல்ச்சாவுக்குப் போய், நோன்பா திருநாளா என்று எந்தக் கணக்கும் பார்க்காமல், காப்பர்-டி வைத்துக்கொண்டு அதே படகில் திரும்பினாள். கரையில் லாரியோன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். மூன்று பேரும் படகில் ஏறினார்கள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் நடுவில் பிள்ளை. பாரம் சரியாக இருந்தது.

ஊர் மயானத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், அகாப்பி லாரியோனோவிச் என்று எழுதிய நீலச் சிலுவையில், பிறப்புக்கும் இறப்புக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது.